கங்காரு வரும் கடற்கரையில் மூன்று இரவுகள்: மோட்டார்ஹோம் எடுக்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

சிட்னிக்குத் தெற்கே உலடுல்லாவுக்கும் பேட்மன்ஸ் பேவுக்கும் நடுவில் முராமராங் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே காடு நேராகக் கடலில் போய் முடிகிறது. காலையில் கங்காருக்கள் புல்வெளியிலிருந்து மணல் வரைக்கும் இறங்கி வரும். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது அவர்களையும் எட்டு வயது மகனையும் மூன்று வயது மகளையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் ஆறு பேரும், படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கும் வாடகை வண்டியான மோட்டார்ஹோமில் போனோம்.

முதல் முறை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். வண்டிக்குப் பணம் கட்டிய பிறகு இடம் தேடினேன். படுக்கைகளை எண்ணிவிட்டு இருக்கைகளைப் பார்க்காமல் விட்டேன். இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தேன். வண்டிக் கழிப்பறையின் கழிவுப் பெட்டியைப் பற்றித் திருப்பித் தரும் அன்று காலையில்தான் யோசித்தேன். அந்த நான்கு தவறுகளுக்கும் சேர்த்து நான் கொடுத்த அபராதத்தில் இன்னொரு பயணமே போய் வந்திருக்கலாம். மறு வருடம் ஏப்ரலில் அதே பயணத்தை ஒழுங்காகச் செய்தோம். அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் ஆஸ்திரேலிய டாலரில். நாங்கள் போனபோது கொடுத்தவை.

1. முதலில் இடம், பிறகு வண்டி

படங்களில் எல்லோரும் பார்ப்பது பெப்ளி பீச். நானும் அதை நம்பித்தான் வண்டியை எடுத்தேன். ஆனால் அந்த முகாம் தளம் கூடாரம் போடுகிறவர்களுக்கானது. பெரிய மோட்டார்ஹோமுக்கு ஏற்றதல்ல. அங்கே போகும் மவுண்ட் அகனி சாலையும் மண் சாலை. பெயரிலேயே வேதனை இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

மோட்டார்ஹோமுக்குப் பொருத்தமானது அதே பூங்காவின் வடக்கு முனையில், கியோலோவாவைத் தாண்டி இருக்கும் பிரிட்டி பீச் தளம். மின் இணைப்புள்ள இடங்கள் உண்டு. டெப்போ பீச்சிலும் மின் இணைப்பு உண்டு, ஆனால் முன்பதிவுக்கு முன் உங்கள் வண்டியின் நீளத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுமே நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்காத் துறையின் தளங்கள்; அவர்களுடைய இணையதளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் போன்றவை கட்டாயம் வேண்டும் என்றால் சவுத் டுராஸ் பக்கம் தனியார் காரவான் பூங்காக்கள் இருக்கின்றன. விலை கூடுதல். கங்காருக்கள் அங்கேயும் வருகின்றன, அவற்றுக்கு வேலி எல்லாம் பொருட்டில்லை.

பள்ளி விடுமுறையில், அதிலும் கிறிஸ்துமஸ் முதல் ஜனவரிக் கடைசி வரை, இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். உங்களால் முடிந்தால் மார்ச், அல்லது ஏப்ரல் விடுமுறைக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களைத் தேர்ந்தெடுங்கள். கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் இருக்காது.

"எங்காவது கடற்கரை வாகன நிறுத்தத்தில் ஓர் இரவு தூங்கிக்கொள்ளலாம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். தடைப் பலகை உள்ள இடத்தில் தூங்கினால் நகராட்சி ரேஞ்சர் வந்து கதவைத் தட்டுவார். வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்த அனுபவம் தேவையில்லை.

2. படுக்கையை எண்ணாதீர்கள், இருக்கையை எண்ணுங்கள்

ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரம் சொன்னால், ஆறு பேரைச் சட்டப்படி ஏற்றிச் செல்லலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். சில வண்டிகளில் சீட் பெல்ட் உள்ள இருக்கைகள் நான்குதான். ஓடும் வண்டியில் பின்பக்கப் படுக்கையில் யாரும் படுத்துக்கொண்டு வரக்கூடாது. பெல்ட்டைப் படம் பிடிக்கும் கேமராக்கள் நியூ சவுத் வேல்ஸில் 2024 ஜூலை முதல் செயல்படுகின்றன.

குழந்தை இருக்கை இன்னும் சிக்கலானது. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு உள்பட்டை கொண்ட குழந்தை இருக்கை கட்டாயம். பின்வரிசை உள்ள வண்டியில் அந்தக் குழந்தை முன்வரிசையில் உட்காரக் கூடாது. நான்கு முதல் ஏழு வயது வரை அத்தகைய இருக்கை அல்லது பூஸ்டர் வேண்டும். அந்த இருக்கை ஆஸ்திரேலிய–நியூசிலாந்து தர எண் 1754 கொண்டதாக இருக்க வேண்டும். ஊரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கொண்டுவந்தது எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இங்கே செல்லாது. குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி மோட்டார்ஹோமின் எல்லா இருக்கைகளிலும் இருக்காது. எங்கள் முதல் வண்டியில் சாப்பாட்டு மேசையை ஒட்டிய, முன்நோக்கிய இரண்டு இருக்கைகளில் மட்டும்தான் இருந்தது. நல்ல வேளையாக அந்தக் கொக்கி தேவைப்பட்டது ஒரு குழந்தைக்கு மட்டும். வாடகை நிறுவனத்திடம் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்: பெல்ட் இருக்கைகள் எத்தனை? மேல்பட்டைக் கொக்கி எத்தனை இருக்கைகளில்? அவை முன்நோக்கியவையா?

படுக்கையிலும் ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும். அம்மாவால் முடியாது, மகளை அங்கே விடவும் முடியாது. கடைசியில் நானும் மகனும் மேலே போனோம். மேசையை மடக்கிப் படுக்கையாக்கியதில் அப்பாவும் அம்மாவும். ஒவ்வோர் இரவும் அந்தப் பலகையை மாட்டுவது பத்து நிமிடக் குத்துச்சண்டை.

3. ஆவணங்கள்

ஓட்டுநர் உரிமம். வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை 4.5 டன்னுக்குள் இருப்பதால் சாதாரணக் கார் உரிமமான சி வகுப்பு போதும். அதற்கு மேற்பட்ட எடை என்றால் எல்ஆர் வகுப்பு வேண்டும். புதிதாக வந்தவர்கள் ஆங்கிலத்தில் உள்ள இந்திய அல்லது இலங்கை உரிமத்தை வைத்து ஓட்டலாம். ஆங்கிலம் இல்லையென்றால் மொழிபெயர்ப்போ பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோ வேண்டும். இதற்குக் காலவரம்பு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிரந்தர வசிப்புரிமை விசாவில் இருப்பவருக்கு மூன்று மாதம், தற்காலிக விசாவில் இங்கே வசிப்பவருக்கு ஆறு மாதம். அதற்குள் நியூ சவுத் வேல்ஸ் உரிமத்துக்கு மாற வேண்டும். கெடு தாண்டிய உரிமத்தோடு ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

சட்டம் போதும் என்று சொன்னாலும், சில வாடகை நிறுவனங்கள் பன்னாட்டு அனுமதியையும் கேட்கின்றன. இந்தியாவில் அது படிவம் 4ஏ மூலம் ஆர்டிஓ அலுவலகத்தில் கிடைக்கும், கட்டணம் 1,000 ரூபாய். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிட்டால் நல்லது.

ஓட்டப்போகிற ஒவ்வொருவருடைய பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். "கொஞ்ச தூரம் மட்டும்" என்று பெயர் இல்லாதவர் ஓட்டினால் காப்பீடே இல்லை. அப்பாவுக்கு நாற்பது வருட ஓட்டும் அனுபவம். ஆனாலும் சாவியைக் கொடுக்கவில்லை. முதல் நாள் முழுக்க அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

வைப்புத் தொகைக்குக் கடன் அட்டை வேண்டும். ஓட்டுநரின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. பெற்றோருக்கு எடுத்த மருத்துவக் காப்பீட்டுச் சான்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. பணம் எங்கே போகிறது

மூன்று இரவுக்கு எங்கள் கணக்கு: வண்டி வாடகை 560, காப்பீட்டுச் சுமை குறைப்பு 150, மின் இணைப்புள்ள இடம் 200க்கு ஒட்டி, டீசல் 160, சுங்கம், குழந்தை இருக்கை, சில்லறை எல்லாம் 120. ஏறக்குறைய 1,200 டாலர். கடற்கரை விடுதியில் இரண்டு அறை எடுத்தால் இதற்கு மிஞ்சிப் போகாது. மலிவு என்று நினைத்து மோட்டார்ஹோம் எடுக்காதீர்கள்; ஒரே கூரையின் கீழ் எல்லோரும் இருக்கிறோம் என்பதற்காக எடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று.

முதலாவது, சேதச் சுமை. அடிப்படைக் காப்பீட்டில் சேதம் வந்தால் முதல் பல ஆயிரம் டாலர் உங்கள் பொறுப்பு. எங்கள் ஒப்பந்தத்தில் 7,500. அதைக் குறைக்கத்தான் அந்த 150. குறைத்த பிறகும் கூரைச் சேதமும் வண்டியின் அடிப்பக்கச் சேதமும் அதில் சேராமல் இருக்கலாம். எங்களுக்குச் சேரவில்லை. இருட்டில் ஒரு மரக்கிளை கூரையை உரசியதற்கு 1,350 டாலர் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் 'விலக்குகள்' என்ற பகுதியை மட்டுமாவது முழுவதும் படியுங்கள். மண் சாலையில் போகலாமா, எவ்வளவு தூரம் என்பதும் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது, சுங்கம். சிட்னியின் சுங்கச் சாலைகளில் 2.8 மீட்டருக்கு மேல் உயரமான வண்டிக்குப் பெரிய வாகனக் கட்டணம் விழும். பெரும்பாலும் காருக்குரியதைப் போல மூன்று மடங்கு. மோட்டார்ஹோம் மூன்று மீட்டரைத் தாண்டிவிடும். வரைபடச் செயலியில் சுங்கம் தவிர்க்கும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சிறியது. பூங்காவுக்குள் மற்றக் கடற்கரைகளுக்கு வண்டியோடு போனால் நாளொன்றுக்கு ஒரு வண்டிக்கு 8 டாலர் நுழைவுக் கட்டணம் இருக்கிறது.

5. வண்டியைக் கையில் வாங்கும் நாள்

அன்று காலை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஊழியர் பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டி முடிப்பார். ஒன்றும் மண்டையில் ஏறாது. அவர் பேசுவதை அனுமதி கேட்டு வீடியோ எடுங்கள். அன்றிரவு குளிர்பெட்டி அணைந்து போனபோது அந்த வீடியோதான் எங்களைக் காப்பாற்றியது. பிறகு வண்டியின் நான்கு பக்கம், கண்ணாடி, சக்கரம், உள்ளே ஒவ்வொரு அலமாரி எல்லாவற்றையும் படம் எடுங்கள். கூரையையும் சேர்த்து, கைபேசியை உயரத் தூக்கிப் பிடித்தால் போதும்.

வண்டியின் உயரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டுங்கள். பெட்ரோல் நிலையக் கூரை, அங்காடி வாகன நிறுத்தம், கார் ஜன்னலில் உணவு வாங்கும் பாதை ஆகிய மூன்று இடங்களில்தான் புதியவர்கள் மாட்டுகிறார்கள்.

6. பாதை

மேற்கு சிட்னியிலிருந்து பிக்டன் சாலை வழியாக உலங்கோங், அங்கிருந்து பிரின்சஸ் நெடுஞ்சாலையில் நௌரா, உலடுல்லா, டெர்மீல். டெர்மீலில் இடப்பக்கம் திரும்பினால் பாலி பாயிண்ட், கியோலோவா, பிரிட்டி பீச். காரில் மூன்றரை மணி நேரம் என்று செயலி காட்டும். மோட்டார்ஹோமில், குழந்தைகளோடும் வயதானவர்களோடும், ஐந்து மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். சாமான்களை உலடுல்லாவிலேயே வாங்கி டீசலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தையும் முன்பதிவுச் சீட்டையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டும் முன் போய்ச் சேருங்கள். ஜூன் மாதத்தில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். முதல் முறை ஆறரைக்குப் போனோம். டெர்மீல் தாண்டியதும் சாலையோரத்திலிருந்து ஒரு கங்காரு தாவிச் சக்கரத்துக்குக் கையளவு தூரத்தில் கடந்தது. அந்தியிலும் விடியலிலும்தான் அவை அதிகம் நடமாடும். குறுக்கே வந்தால் வண்டியை வெட்டித் திருப்பாதீர்கள். நேராக வைத்து பிரேக்கை அழுத்துங்கள். நான்கு டன் வண்டியைத் திடீரென்று ஒடித்தால் முடிவு மரத்தில்தான்.

7. இடத்தில் நிறுத்தியதும்

சமதளத்தில் நிறுத்துங்கள். வண்டி சாய்ந்திருந்தால் எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டி சரியாக வேலை செய்யாது. பிறகு மின்கம்பி. முகாம் தளங்களில் 15 ஆம்பியர் இணைப்பு. அதன் முளை வீட்டுக் கம்பியைவிட அகலமானது, ஆகவே வண்டியோடு வந்த கம்பியையே பயன்படுத்துங்கள். 15 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 3,500 வாட். வெந்நீர்க் கெட்டிலும் ஏசியும் ஒரே நேரத்தில் ஓடினால் சுவிட்ச் விழுந்துவிடும். சோறு வடிக்கும் குக்கரைச் சேர்த்தால் கேட்கவே வேண்டாம்.

சமையல். வண்டிக்குள் தாளித்தால் புகை எச்சரிக்கை மணி ஊரைக் கூட்டும். மணியின் பேட்டரியைக் கழற்றிவிடும் புத்திசாலித்தனம் வேண்டாம். அது உங்கள் குழந்தைகள் தூங்கும் அறை. பல தளங்களில் பொது பார்பிக்யூ மேடை இருக்கிறது. அலுமினியத் தாளை விரித்து அதில் அம்மா ஊற்றிய தோசையைப் பக்கத்து இடத்துக்காரர் நின்று பார்த்துவிட்டு இரண்டு வாங்கிக்கொண்டு போனார். மாவை மட்டும் ஒழுகாத டப்பாவில் கொண்டு வாருங்கள். முதல் முறை அது குளிர்பெட்டிக்குள் பொங்கி வழிந்த கதையை எழுதப்போவதில்லை.

வண்டியை நகர்த்தும் முன் ஒவ்வொரு முறையும்: எரிவாயு உருளையின் வால்வை மூடுதல், மின்கம்பியைக் கழற்றுதல், படிக்கட்டை உள்ளே இழுத்தல், மேற்கூரை ஜன்னலை மூடுதல், அலமாரிகளைத் தாழிடுதல். இந்தப் பொறுப்பை எங்கள் மகனிடம் கொடுத்தோம். அவன் ஒருமுறையும் தவறவிடவில்லை.

காட்டுத்தீ எச்சரிக்கைக் காலம் வழக்கமாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. 'ஹசார்ட்ஸ் நியர் மீ' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்ட நாளில் விறகு, கரி எதுவும் மூட்டக் கூடாது. இந்தப் பூங்காவுக்கு வெளியேறும் சாலைகள் மிகக் குறைவு என்பதை நினைவில் வைத்து, போகச் சொன்னால் உடனே கிளம்புங்கள்.

8. கங்காருவும் மற்றவையும்

இவை கிழக்குச் சாம்பல் கங்காருக்கள். மனிதர்களைக் கண்டு ஓடாது, அதனால் பழக்கப்பட்டவை என்று தோன்றும். தோற்றத்தை நம்ப வேண்டாம். பெரிய ஆண் நிமிர்ந்து நின்றால் என் உயரம் இருக்கிறது. பின்னங்கால் உதை வயிற்றைக் கிழிக்கக் கூடியது. குழந்தைக்கு ஒரே விதி சொல்லிக் கொடுங்கள்: நாம் அதை நோக்கிப் போகக் கூடாது, அது வந்தால் நாம் மெல்லப் பின்வாங்க வேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் புகுந்து படம் எடுக்கவே கூடாது.

உணவு கொடுக்காதீர்கள். தேசியப் பூங்காவில் அது அபராதத்துக்குரிய குற்றம். அதைவிட, ரொட்டி போன்ற மென்மையான உணவு அவற்றின் தாடையில் கட்டி வரும் நோய்க்கு வழிவகுக்கிறது. பசித்திருப்பது போலப் பார்க்கும், பார்க்கட்டும். பசுவுக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய அம்மாவுக்கு இதைப் புரியவைப்பதுதான் எனக்கு மிகக் கடினமான படியாக இருந்தது. முதல் நாள் முந்தானையில் இரண்டு பழம் ஒளிந்திருந்தது.

கூக்கபரா என்னும் பறவை கையில் இருக்கும் வடையைப் பறந்து வந்து பிடுங்கும். எங்கள் மகள் அழுது அடங்க அரை மணி நேரமானது. இரவில் போசம் என்னும் சிறு மரவிலங்கு வரும், வெளியே விட்ட குப்பைப் பையைக் கிழித்துப் பரப்பும். கோவானா என்னும் பெரிய உடும்பு மேசைக்கடியில் நடந்து போகலாம், வழிவிட்டு நில்லுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது உண்ணிக்கு. இந்தக் கடலோரக் காட்டுப் புதர்களில் முடக்க உண்ணி உண்டு. மாலையில் காதுக்குப் பின், கழுத்து, அக்குள், தலைமுடி என்று எல்லோரையும் தடவிப் பாருங்கள். கண்டுபிடித்தால் நகத்தாலோ இடுக்கியாலோ பிய்க்காதீர்கள். நசுங்கும்போது அது ஒவ்வாமைப் பொருளை உடலுக்குள் செலுத்திவிடும். மருந்துக்கடையில் உண்ணியை உறையவைத்துக் கொல்லும் ஸ்பிரே கிடைக்கும், கிளம்பும் முன் வாங்குங்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் அவசர உதவி எண் 000.

அடிபட்ட விலங்கைக் கண்டால் வயர்ஸ் என்னும் வனவிலங்கு மீட்பு அமைப்பின் எண் 1300 094 737. இறந்து கிடக்கும் தாயின் பையில் குட்டி உயிரோடு இருக்கலாம். வண்டிகள் வராத பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பிறகே கூப்பிடுங்கள்.

9. கடல்

பெப்ளி பீச், டெப்போ பீச், பிரிட்டி பீச் எதிலும் உயிர்காப்பாளர் இல்லை. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் பகுதிதான் பெரும்பாலும் ரிப் எனப்படும் இழுவை நீரோட்டம். நீந்தத் தெரியாதவர்கள் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். நன்றாகக் குளிக்க வேண்டுமென்றால், கோடைக் காவல் காலத்தில் சிவப்பு–மஞ்சள் கொடி நடப்படும், உலடுல்லாவை ஒட்டிய மாலிமுக் கடற்கரைக்குப் போய்க் கொடிகளுக்கு நடுவில் குளியுங்கள்.

நீல நிறப் பலூன் போலக் கரையில் கிடக்கும் புளூபாட்டில் கொட்டினால் கடல் நீரால் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். பாறைக் குட்டைகளில் குழந்தைகள் கையை விட வேண்டாம்; நீல வளைய ஆக்டோபஸ் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும், அதன் நஞ்சு ஆளைக் கொல்லும். வெறும் சிப்பியைக்கூடப் பொறுக்கும் முன் திருப்பிப் பாருங்கள்.

மே முதல் நவம்பர் வரை போனால், பாறை முனையில் நின்று தொலைநோக்கியில் திமிங்கிலங்களைப் பார்க்கலாம். அப்பாவின் முகம் தெளிந்தது அங்கேதான்.

10. கழிவும் திருப்பித் தருதலும்

கழிவுப் பெட்டி ஏறக்குறைய இருபது லிட்டர். ஆறு பேருக்கு ஒன்றரை நாள். பகலில் தளத்துக் கழிப்பறையையும், இரவில் மட்டும் வண்டிக் கழிப்பறையையும் பயன்படுத்துங்கள். அதற்குரிய ரசாயனத்தைத் தவிர வேறு எதையும் ஊற்ற வேண்டாம். காலி செய்வது டம்ப் பாயிண்ட் எனப்படும் கழிவு கொட்டும் இடத்தில் மட்டும். விக்கிகேம்ப்ஸ் செயலி அருகில் எங்கே இருக்கிறது என்று காட்டும். பாத்திரம் கழுவிய நீரையும் புல்லில் திறந்துவிடாமல் அங்கேயே வடியுங்கள். கையுறை எடுத்துச் செல்லுங்கள், வேலையை ஒருவரே தொடர்ந்து செய்யட்டும். முதல் முறை இதை மறந்து நிறைந்த பெட்டியோடு வண்டியைத் திருப்பித் தந்ததற்கு 250 டாலர்.

திருப்பித் தரும் நாளில் மூன்று மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். டீசல், எரிவாயு, தரை கூட்டுதல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தாமதத்துக்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டு. ஊழியர் வண்டியைச் சுற்றிப் பார்க்கும்போது கூடவே நில்லுங்கள், சேதம் இல்லை என்ற குறிப்பை எழுத்தில் வாங்குங்கள், மறுபடியும் படம் எடுங்கள். வைப்புத் தொகை கணக்குக்குத் திரும்ப எங்களுக்குப் பன்னிரண்டு நாளானது. அதுவரை எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். சுங்கத்துக்கும் வேகத்துக்குமான ரசீதுகள் அதற்குப் பிறகும் வரும்.